தலைமயிருக்கு இங்கிலீஷ்

"நாற்பத்தெட்டு" என்றாள் அக்கா.

நான் கதவுக்கு இந்தப் பக்கம், ரேழியில், மடியில் பலகையும் பலகைமேல் பூர்த்தி செய்யவேண்டிய சர்க்கார் பாரமுமாக உட்கார்ந்திருந்தேன். அக்கா உள்ளே இருந்தாள். சாலைக் கடைத்தெருத் தையல்காரனிடம் நான் இரவல் வாங்கிவந்த நாடாவால், இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் தலைமயிரை அளந்துகொண்டிருந்தாள்.

"நாற்பத்தெட்டு அங்குலமா? சரியாப் பாத்தியா?"

"பாத்தாச்சு. இன்னும் அரை அங்குலம் போட்டுக்கோ. நுனி கொஞ்சம் சுருண்டிருக்கு, அதை நீட்டினா வரும்."

போட்டுக்கொண்டேன். அளந்த என் அக்காவின் தலையில் மயிர் கிடையாது. அத்திம்பேர் போனதிலிருந்து, பதினாலு வருஷமாகக் கிடையாது. நார்மடிப் புடவையின் தலைப்பை இழுத்துப் போர்த்திய மொட்டைத் தலை அது. அதை அன்றைக்கு நான் யோசித்தேனா என்று கேட்டால், இல்லை. பேனாவில் மசி ஒழுங்காக இறங்குகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் பிளாக்

திருவனந்தபுரம் கரமனையில் நான் இருந்த காலத்தைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுத ஆரம்பித்ததிலிருந்து, "நீர் சர்க்காரில் என்னதான் வேலை பார்த்தீர்?" என்று ஒருவர் விடாமல் கார்டு போட்டுக்கொண்டிருக்கிறார். சொல்லிவிடுகிறேன். தலைமயிரை இங்கிலீஷில் வர்ணிக்கிற வேலை பார்த்தேன். சிரிக்க வேண்டாம். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

யுத்தம் முடிந்து, அரிசிக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். திருவனந்தபுரத்தில் ஒரு கச்சேரி. கச்சேரி என்றால் பாட்டு அல்ல, சர்க்கார் ஆபீஸ். பென்ஷன் வாங்குகிறவர்களின் ஆளடையாளப் பாரங்களை வைத்துக் காப்பாற்றுகிற பகுதியில் நான் குமாஸ்தா. பாரம் சீமையிலிருந்து வந்த மாதிரியைப் பார்த்து அச்சடித்தது. உயரம், நிறம், கண், மூக்கு, ஹேர், அங்க அடையாளம் என்று கட்டம் கட்டமாக இருக்கும்.

ஹேர் என்ற கட்டத்தில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாருக்கும் "பிளாக்" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். நரைத்துவிட்டால் "கிரே." நானும் அப்படியேதான் செய்தேன். சீமையில் பொன்னிறம், செம்பட்டை, பழுப்பு என்று பல தினுசு இருக்கிறதாம், அவர்களுக்குக் கட்டம் வேண்டும். நமக்கு எதற்கு?

எதற்கு என்று சீக்கிரமே தெரிந்தது. செத்துப்போன ஒரு பென்ஷன்காரரின் பெயரில் அவர் தம்பி இரண்டு வருஷம் வந்து கையெழுத்துப் போட்டுப் பென்ஷன் வாங்கிப்போயிருக்கிறான். அண்ணனும் பிளாக், தம்பியும் பிளாக். மேலே இருந்த துரை எங்கள் சூப்ரண்டைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். சூப்ரண்டு கேசவ பிள்ளை நேரே என் மேஜைக்கு வந்தார்.

"ஸ்வாமி, இதெந்தா? இந்தக் கட்டுல நூத்திப்பத்து பேர். நூத்திப்பத்து பேருக்கும் பிளாக்கோ? திருவிதாங்கூர் முழுக்க ஒரே தலையோ?"

"கறுப்பாத்தானே இருக்கு ஸார்."

"கறுப்புன்னு எனக்கும் அறியாம். கறுப்புன்னு சொன்னா அது வர்ணனையில்லா. காக்காயும் கறுப்பாக்கும். இனிமே ஓரோ தலையும் நோக்கி, சரியான இங்கிலீஷ்ல எழுதணும். பிளாக்னு மட்டும் எழுதின பாரத்தை நான் ஒப்பிடமாட்டேன், கையெழுத்துக் கிடையாது, கேட்டோ?"

எலுமிச்சை, பாக்கு, விளாம்பழம்

அன்றிலிருந்து எனக்குக் கொம்பு முளைத்தது. சாலைக் கடைத்தெருவில் பழைய சாமான் கடையில் ஓர் இங்கிலீஷ் அகராதி வாங்கினேன். முதல் பதினைந்து பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது. ஹேர் பத்திரமாக இருந்தது.

கஷ்டம் என்னவென்றால், அகராதியில் இருந்த வார்த்தை எதுவும் கரமனையில் இல்லை. கரமனையில் இருந்த குடுமி எதுவும் அகராதியில் இல்லை. பின்குடுமியை என்னவென்று எழுதுவது? முன்னால் இருந்த குமாஸ்தா ஒருவர் எப்போதோ "பன்றிவால்" என்ற அர்த்தத்தில் ஓர் இங்கிலீஷ் வார்த்தையை எழுதி, அது எப்படியோ சம்பந்தப்பட்ட சாஸ்திரிகளுக்குத் தெரிந்து, அவர் பழவங்காடிப் பிள்ளையாருக்கு முன்னால் நின்று அந்தக் குமாஸ்தாவைச் சபித்தார் என்று ஒரு கதை உண்டு. அதனால் நான் ஜாக்கிரதையாக இருந்தேன். "பின்புறம் ஒரு சிறிய முடிச்சு, எலுமிச்சையளவு" என்று எழுதினேன். அதிலும் ஒழுங்கு வைத்தேன். மூன்றே அளவுதான்: பாக்கு, எலுமிச்சை, விளாம்பழம். விளாம்பழக் குடுமி மொத்தம் இரண்டு பேருக்குத்தான் கிடைத்தது.

நாயர் கிழவர்கள் அப்போது இன்னும் சிலர் முன்குடுமி வைத்திருந்தார்கள். "நெற்றிக்கு மேல், சற்றே இடப்பக்கம் சாய்ந்த முடிச்சு." வழுக்கைக்கு நான் எழுதிய வாக்கியம் சூப்ரண்டுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று: "முன்னால் இல்லை, பின்னால் இருப்பதற்கும் இஷ்டமில்லை." அதைச் சிவப்பு மையால் கோடிட்டு, பக்கத்து அறைக்காரர்களுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். அவரும் ஒரு காலத்தில் முன்குடுமிக்காரர்தான். உத்தியோகம் உயர்ந்த வாரத்தில் கிராப்பு வெட்டிக்கொண்டு வந்தார். அதைப் பற்றி ஆபீஸில் யாரும் வாய் திறந்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழில் அந்த வார்த்தையைச் சபையில் சொன்னால் முகம் சுளிப்பார்கள். கேசம் என்பார்கள், கூந்தல் என்பார்கள், சுற்றி வளைப்பார்கள். இங்கிலீஷில் சொல்லிவிட்டால் அதே சாமானுக்கு ஒரு கௌரவம் வந்துவிடும். நான் பெரிய மனுஷன் ஆனது அந்தக் கௌரவத்தில்தான்.

சாயங்காலம் ஆத்துக்கு வந்ததும் அக்காவிடம் அன்றைய தலைகளை ஒன்று விடாமல் சொல்வேன். என் மனைவி அப்போது பிரசவத்துக்கு நாகர்கோவில் போயிருந்தாள். அக்கா அடை வார்த்துப் போட்டுக்கொண்டே கேட்பாள். "இன்னிக்கு என்ன பழம்?" என்பாள். "சூப்ரண்டு ஒத்துண்டாரா?" என்பாள். ஒத்துக்கொண்டார் என்றால் ஓர் அடை அதிகம் விழும். இங்கிலீஷே தெரியாத ஒருத்தி என் இங்கிலீஷை அப்படி ரசித்தாள்.

மலைக் காய்ச்சல்

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் சேஷய்யர் என்று ஒருவர். கோவில் ஊட்டுப்புரையில், அதாவது பிராமணர்களுக்குச் சாப்பாடு போடுகிற இடத்தில், மேற்பார்வை உத்தியோகம். அவர் பிள்ளை சர்வே இலாகாவில் இருந்தான். மலைக்கு அளக்கப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். வேலையில் இருக்கும்போது போனதால் அவன் பெண்டாட்டி விசாலத்துக்குச் சர்க்கார் கருணை வைத்து ஒரு பென்ஷன் போட்டது.

விசாலத்துக்குப் பத்தாம் நாள் தலையை எடுத்திருக்க, அதாவது மழித்திருக்க, வேண்டும். அதுதான் எங்கள் தெருக்களின் வழக்கம். ஆனால் அன்றைக்கு அவளும் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். வருஷாப்திகத்தின்போது, முதல் வருஷத் திதியில், பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்கள். வருஷாப்திகத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கும்போதுதான் அவள் ஆளடையாளப் பாரம் என் மேஜைக்கு வந்தது.

அகத்துப் பெண்களைக் கச்சேரிக்கு வரச்சொல்கிற வழக்கமில்லை. குமாஸ்தாதான் வீட்டுக்குப் போய் எழுதவேண்டும். ஆண்பிள்ளை உள்ளே போய் அளக்க முடியாது என்பதால் அக்காவை அழைத்துக்கொண்டு போனேன்.

சேஷய்யர் என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார். பாரத்தை வாங்கிப் பார்த்தார்.

"அம்பி, தலைமயிர்னு ஒரு கட்டம் போட்டிருக்காளே, அதுல 'இல்லை'ன்னு எழுதிடு. அடுத்த மாசம் எடுத்துடப் போறோம். இப்பவே எழுதிட்டா உனக்கும் சிரமமில்லை, எனக்கும் சிரமமில்லை."

"இன்னிக்கு இருக்கே, மாமா. இருக்கறதை இல்லைன்னு எழுத எனக்கு அதிகாரம் கிடையாது."

இந்தப் பதிலைக் கேட்டு நான் ஏதோ தர்மயுத்தத்துக்குக் கிளம்பிவிட்டதாக வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. "இல்லை" என்று எழுதினால் அதில் எனக்கு என்ன பெருமை? பாக்கும் எலுமிச்சையுமாக எழுதி எனக்கே அலுத்துப்போயிருந்தது. முழுசாக ஒரு தலை, ஒரு பெண்ணின் தலை, என் கைக்கு அதுவரை வந்ததே இல்லை. அதைக் கைவிட எனக்கு மனசில்லை. அவ்வளவுதான் விஷயம்.

உள்ளே அக்கா அளந்தாள். கதவிடுக்கு வழியாக எனக்குப் பேச்சு மட்டும் கேட்டது.

"இதெல்லாம் எதுக்கு மாமி?" என்று விசாலம் கேட்டாள். குரல் சோர்ந்திருந்தது.

"சர்க்கார் கேக்கறதுடீ."

"அடுத்த மாசம் போகப்போறது. அதுக்கப்புறம் சர்க்கார் கேட்டா நான் எங்கே போவேன்?"

 அளந்து முடித்த பிறகும் அக்கா ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நான் கனைத்துப் பார்த்தேன். வந்தபோது, "சிக்கு எடுத்துப் பின்னி விட்டுட்டு வந்தேன்" என்றாள்.

அங்க அடையாளம் என்ற கட்டம் காலியாக இருந்தது. முகத்தில் மச்சமில்லை, கையில் தழும்பில்லை. மற்றதைப் பார்க்கச் சேஷய்யர் சம்மதிக்கவில்லை. அதனால் அங்கேயும் தலைமயிரையே போட்டேன். கறுப்பு, நேர், அடர்த்தி, உச்சியிலிருந்து நாற்பத்தெட்டரை அங்குலம், நுனியில் மட்டும் லேசான சுருள், இடது காதுக்கு மேல் செம்பட்டை ஓடிய ஒரு கொத்து, இவரை அடையாளம் காண்பதற்கு முதன்மையான குறி இதுவே. மறுநாள் சூப்ரண்டு படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். "பேஷ்" என்று சிவப்பு மையில் எழுதி ஒப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

படித்துறை

விசாலத்தின் வீட்டிலிருந்து திரும்பி நடக்கும்போதே அக்கா ஒரு கேள்வி கேட்டிருந்தாள்.

"அம்பி, அந்தக் காகிதத்துல எழுதினதுக்கும் ஆளுக்கும் பொருந்தலைன்னா என்ன ஆகும்?"

"ஆள் வேறன்னு ஆயிடும். பென்ஷன் நின்னுபோயிடும்" என்றேன். பெரிய அதிகாரி மாதிரி சொன்னேன். நிஜம் அதுவல்ல. ஒரு மனு எழுதிக் கொடுத்தால், பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொள்ளலாம். கால் மணி நேர வேலை. அதைச் சொன்னால் என் உத்தியோகத்தின் மவுசு குறைந்துவிடும் என்று சொல்லவில்லை.

அக்கா நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டுபோய்க் கரமனை ஆற்றுப் படித்துறையில் வைத்தாள். விடியற்காலை ஸ்நானத்துக்கு வருகிற நாலு பேரிடம் சொன்னால் போதும், அந்திக்குள் எட்டுத் தெருவுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். சொன்னது அவள்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

மூன்றாம் நாள் சேஷய்யர் மூச்சு வாங்க வந்து நின்றார். மூஞ்சியில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஏண்டா அம்பி, தலையை எடுத்தா பென்ஷன் போயிடும்னு பேசிக்கறாளே, உள்ளதா?"

 மனு எழுதினால் போதும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சமையலுள் வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி. என்னையே பார்த்தாள். நானும் யோசித்தேன். விசாலத்தையோ அக்காவையோ நினைத்து அல்ல. மனு வந்தால் அந்தச் சிவப்பு "பேஷ்" போட்ட பாரத்தை நானே அடித்து, இல்லை என்பதற்கு இங்கிலீஷில் "நில்" என்று எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

"உள்ளதுதான் மாமா" என்றேன். "சர்க்கார் காகிதம். சூப்ரண்டு ஒப்பிட்டாச்சு. இனிமே பகவானே வந்தாலும் மாத்த முடியாது."

 "ராஜாங்க உத்தரவுன்னா அதுவும் ஒரு சாஸ்திரந்தானே" என்றார் சேஷய்யர். அவர் முகம் தெளிய ஆரம்பித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அடுத்த வாரம் அவர் வீட்டில் புரோகிதம் செய்கிற வாத்தியாரும் அதையே சமஸ்கிருதத்தில் சொன்னார். தெருவில் சிலர் முணுமுணுத்தார்கள். பென்ஷன் இல்லாதவர்கள்.

வருஷாப்திகம் நடந்தது. விசாலத்தின் தலை அப்படியே இருந்தது. பூவும் குங்குமமும் கிடையாது, வாசல் பக்கம் வரக்கூடாது, அந்தத் தடையெல்லாம் உண்டு. தலைமயிர் மட்டும் சர்க்கார் சொத்தாகிவிட்டது. மாமியார் எண்ணெய் காய்ச்சிக் கொடுக்கிறாளாம், உதிர்ந்தால் அளவு குறைந்துவிடுமே என்று. இதை எனக்குச் சொன்னவள் அக்கா.

ஒரு நாள், "விசாலம் கேக்கறா, நீ அதுல என்ன எழுதியிருக்கேன்னு தமிழ்ல சொல்லணுமாம்" என்றாள். ஒவ்வொரு வார்த்தையாகப் பெயர்த்துச் சொன்னேன். அக்கா உதடு அசைய மனப்பாடம் செய்துகொண்டு போனாள்.

மாலை

விஷயம் கரமனையைத் தாண்டிப் பரவிற்று. பரவும்போது என்னைச் சீர்திருத்தக்காரனாக ஆக்கிவிட்டது. சர்க்கார் பாரத்தையே ஆயுதமாக்கி ஒரு பெண்ணைக் காப்பாற்றிய தீரன் நான். கோட்டைக்கு வெளியே ஒரு வாசகசாலையில் கூட்டம் போட்டு என்னைக் கூப்பிட்டார்கள். போகாமல் இருந்திருக்கலாம். போனேன். முக்கால் மணி நேரம் இங்கிலீஷில் பேசினேன். விதவைகளின் கேசத்தைப் பற்றி நான் சொன்ன சில வாக்கியங்களுக்குக் கைதட்டல் நிற்கவே இல்லை. ரோஜா மாலை ஒன்று போட்டார்கள். கொண்டுவந்து கூடத்து ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் காலை. குளித்துவிட்டு, கச்சேரிக்குக் கிளம்பக் குடுமியை முடிந்துகொண்டிருந்தேன். மாலையில் பாதிப் பூ வாடித் தரையில் கிடந்தது. கொல்லைப் பக்கம் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. மாசத்துக்கு ஒரு நாள் கேட்கிற இருமல்தான். நாவிதர் வந்து கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். பதினாலு வருஷமாக அவர் வருகிறார், அக்கா போய் அவர் முன்னால் தலையைக் குனிகிறாள். நான் கச்சேரிக்குப் போகிறேன்.

"இன்னிக்கு வேண்டாம், போய்ட்டு வாங்கோ" என்று ஒரு வார்த்தை நான் கொல்லை வாசலில் நின்று சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் என்னைத் தட்டிக் கேட்க யாரும் உயிரோடு இல்லை. அந்த யோசனை எனக்கு வரவில்லை என்று இங்கே எழுதிவிடலாம், வாசகர்களும் நம்புவீர்கள். வந்தது. கச்சேரிக்கு நேரமாகிறது என்ற யோசனையும் கூடவே வந்தது.

அக்கா பழந்துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தைக் கடந்தாள். மாலைக்கு நேரே வந்ததும் நின்றாள். உதிர்ந்த பூக்களைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

"அம்பி, நேத்திக்கு நன்னாப் பேசினியாமே."

"ஏதோ பேசினேன்."

"எனக்கு எடுத்த அன்னிக்கு நீ இதே கூடத்துல உக்காந்து மெட்ரிகுலேஷனுக்கு இங்கிலீஷ் படிச்சிண்டிருந்தே. ரொம்ப உரக்கப் படிச்சே. நான் அழறது காதுல விழாம இருக்கத்தான்னு எனக்குத் தெரியும். உன் மேல எனக்குக் கோபமில்லை."

நான் குடுமியைப் பிடித்தபடியே நின்றேன்.

"விசாலத்தோடதை அவ்வளவு எழுதினியே. என்னோடது எப்படி இருந்தது? இங்கிலீஷ்லயே சொல்லு. நீ சொல்றதைக் கேக்கணும் போல இருக்கு."

அக்காவுக்குத் தலையை எடுத்தபோது எனக்குப் பதினாறு வயது. அதற்கு முன் பதினாறு வருஷம் அந்தத் தலையைப் பார்த்தே வளர்ந்தவன் நான். சண்டையில் பிடித்து இழுத்திருக்கிறேன். கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெயின் வாசனை அதில் உண்டு, அந்த வாசனை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. பாரத்தில் வாசனைக்குக் கட்டமில்லை. நேரா, சுருளா? இடுப்பு வரையா, அதற்கும் கீழா? நுனி எப்படி? எத்தனையோ ஊரார் தலைகளை இங்கிலீஷில் எழுதியவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அகராதி முழுக்கத் தேடினேன். நாக்கில் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"பிளாக்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். கொஞ்சம் சிரித்தாள் என்றுகூட ஞாபகம்.

"சூப்ரண்டு ஒத்துக்கமாட்டாரே, அம்பி" என்றாள். பிறகு கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போனாள்.